இறுதி இருப்பு ஒத்துப்போகிறதா?

ஜூலை பிறந்துவிட்டால் தனித்தொழில் செய்பவர்களுக்கு ஆடிட்டரிடமிருந்து போன் வரும்: ‘பேங்க் ஸ்டேட்மென்ட் அனுப்பிட்டீங்களா?’ வடிவமைப்பாளரோ மொழிபெயர்ப்பாளரோ வீடியோ எடிட்டரோ, பன்னிரண்டு மாத பிடிஎஃப்களையும் மொத்தமாக வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். பிறகு, ‘ஆகஸ்ட் மாசம் வந்த இந்த நாற்பத்தைந்தாயிரம் எதுக்கு?’ என்று ஆடிட்டர் கேட்கும்போது பதில் சொல்ல முடியாமல் திணறுவார்கள். வங்கியின் பரிவர்த்தனைக் கோப்பை மாதம் ஒருமுறை இறக்கிச் சொந்தக் கணக்கு மென்பொருளில் ஏற்றிவந்தால் இந்தத் திணறலே வராது. ஒவ்வொரு செலவையும் கையால் எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

ஏற்றுவது சில நிமிட வேலை. ஏற்றியது சரிதானா என்று உறுதிசெய்வதில்தான் உழைப்பு இருக்கிறது. வங்கி காட்டும் இறுதி இருப்பும் உங்கள் மென்பொருள் காட்டும் இறுதி இருப்பும் பைசா வரை ஒன்றாக இருந்தால் அந்த மாதம் முடிந்தது. ஒரு ரூபாய் இடித்தாலும் முடியவில்லை. கீழே சொல்லும் பெரும்பாலான படிகளும் இந்தச் சோதனையில் தேறுவதற்காகத்தான்.

எடுத்துக்காட்டுக்கு க்னூகேஷை எடுத்துக்கொள்கிறேன். 1998 முதல் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலில் படித்த இரட்டைப் பதிவு முறையிலேயே எழுதும். தரவு உங்கள் கணினியிலேயே இருக்கும். அமெரிக்காவில் இலட்சக்கணக்கானோர் நம்பியிருந்த இன்ட்யூட்டின் மின்ட் சேவை 2024 மார்ச்சில் மூடப்பட்டபோது, அதைப் பயன்படுத்தியவர்கள் வேறிடம் தேடி அலைந்தார்கள். பல ஆண்டுக் கணக்கு நம் கையில் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதுவே சாட்சி. கேமைமணி, மணி மேனேஜர் எக்ஸ் போன்றவற்றிலும் இதே முறைதான். ஜிஎஸ்டி பில் போடும் அளவுக்குத் தொழில் வளர்ந்திருந்தால் சோஹோ புக்ஸ் பொருந்தும். அதிலும் வங்கிக் கோப்பை ஏற்றலாம்.

முதலில் எந்தக் கோப்பை இறக்குவது என்று பார்ப்போம். ஓஎஃப்எக்ஸ் என்றொரு வடிவம் இருக்கிறது. 1997-இல் மைக்ரோசாஃப்ட், இன்ட்யூட், செக்ஃப்ரீ மூன்றும் சேர்ந்து கொண்டுவந்தது. அதில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி அடையாள எண் உண்டு. அதனால் ஒரே கோப்பை இருமுறை ஏற்றினாலும் மென்பொருள் கண்டுபிடித்துவிடும். உங்கள் வங்கி அதைத் தந்தால் வேறெதையும் பார்க்க வேண்டாம். ஆனால் நம் வங்கிகளின் நெட்பேங்கிங்கில் பெரும்பாலும் கிடைப்பது பிடிஎஃப், எக்செல், சிஎஸ்வி இவைதான். இவற்றில் சிஎஸ்வியே சிறந்தது. வங்கிக்கு வங்கி நெடுவரிசைகளின் வரிசையும் பெயரும் மாறும் என்பது மட்டுமே அதில் தொல்லை.

சில வங்கிகள் எக்செல் என்று சொல்லித் தரும் கோப்பு பெயரளவில்தான் எக்செல். உள்ளே இருப்பது டேப் இட்டுப் பிரித்த வெறும் எழுத்துகள். திறக்கும்போது எக்செல் எச்சரிக்கை காட்டினால் பயப்பட வேண்டாம், நோட்பேடில் திறந்து பாருங்கள். வரிகள் ஒழுங்காகத் தெரிந்தால் அதையும் சிஎஸ்வி போலவே ஏற்றிவிடலாம். பிரிப்பானாக டேப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

இறக்கிய கோப்பை ஒருபோதும் நேரடியாகத் தொடாதீர்கள். ‘2025-06-சேமிப்பு’ என்பது போல் ஆண்டு, மாதம், கணக்கு தெரியும்படி பெயரிட்டு ஒரு ஃபோல்டரில் வைத்துவிட்டு, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். காரணம் எக்செல். சிஎஸ்வி கோப்பின் மேல் இரட்டைச் சொடுக்கு வைத்ததுமே அது தானாகச் சில திருத்தங்களைச் செய்துவிடும். கணினியில் அமெரிக்கத் தேதி முறை அமைந்திருந்தால், ஏப்ரல் 3 என்று வங்கி எழுதிய 03/04/2025 மார்ச் 4 ஆகிவிடும். 13/04/2025 என்று வரும்போது பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்பதால் அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். தேதி நெடுவரிசையில் சில வரிகள் வலப்பக்கமும் சில வரிகள் இடப்பக்கமும் ஒட்டி நின்றால் இதுதான் நடந்திருக்கிறது. யுபிஐ பரிவர்த்தனையின் பன்னிரண்டு இலக்க எண்ணுக்கும் இதே கதி. 412345678901 என்பது 4.12 என்று தொடங்கும் சுருக்க வடிவத்துக்கு மாறும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் முழு எண் திரும்பக் கிடைக்காது. பணம் போய்ச் சேரவில்லை என்று வங்கியில் புகார் கொடுக்கும் நாளில் அந்த எண்தான் தேவைப்படும்.

இதற்கு லிப்ரே ஆஃபிஸ் கால்க் நல்ல துணை. சிஎஸ்வியைத் திறக்கும்போதே ஒவ்வொரு நெடுவரிசையும் என்ன வகை என்று கேட்கும். எல்லாவற்றையும் ‘டெக்ஸ்ட்’ என்று குறித்துவிட்டால் வங்கி கொடுத்த எழுத்து ஒன்றுகூட மாறாது. பிறகு மேலே இருக்கும் பெயர், முகவரி வரிகளையும் கீழே இருக்கும் மொத்தக் கணக்கு வரிகளையும் நீக்குங்கள். தொகையில் வரும் காற்புள்ளிகளையும் எடுத்துவிடுங்கள். 1,25,000.00 என்ற தொகை மேற்கோள் குறிக்குள் இல்லாவிட்டால், மென்பொருள் அதை மூன்று நெடுவரிசைகளாக உடைத்துவிடும்.

அடுத்தது விவரக் குறிப்பு. வங்கியில் நரேஷன் என்பார்கள். பலரும் கவனிக்காமல் விடும் இடம் இது. மாதாமாதம் வேலையைக் குறைப்பதும் இதுதான். யுபிஐ செலவு ஒன்றின் நரேஷன் ஏறக்குறைய இப்படி இருக்கும்: யுபிஐ/டிஆர்/412345678901/கடையின் பெயர்/வங்கி/யுபிஐ முகவரி. இடைவெளி எங்குமே இல்லாமல் எல்லாம் சாய்கோட்டால் ஒட்டிக் கிடக்கும். க்னூகேஷ் நீங்கள் சொல்வதைக் கற்றுக்கொள்ளும் மென்பொருள். ஒரு கடையை ‘மளிகை’ என்று ஒருமுறை குறித்தால், அடுத்த முறை அதே சொற்கள் வரும்போது அதுவே மளிகையில் போடும். ஆனால் சொற்களை அது இடைவெளியை வைத்தே பிரிக்கிறது. இடைவெளி இல்லாத நரேஷனை முழுவதுமாக ஒரே சொல்லாக எடுத்துக்கொள்ளும். நடுவில் ஒவ்வொரு முறையும் மாறும் பன்னிரண்டு இலக்க எண் வேறு இருப்பதால், அந்தச் ‘சொல்’ மறுபடி வரவே வராது. ஒரு வருடம் சொல்லிக்கொடுத்தாலும் எதையும் கற்றுக்கொள்ளாது.

நரேஷன் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து, சாய்கோட்டுக்குப் பதில் இடைவெளி என்று தேடி மாற்றுங்கள். சில வங்கிகளில் சாய்கோட்டுக்குப் பதில் இடைக்கோடு வரும், அதையும் மாற்றுங்கள். ‘தேர்ந்தெடுத்த பகுதியில் மட்டும்’ என்ற பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தேதியில் உள்ள சாய்கோடுகளும் போய்விடும். இந்தச் சிறு வேலையைச் செய்துவந்தால் சில மாதங்களில் பால், மளிகை, பெட்ரோல், போன் பில் எல்லாம் தாமாகவே உரிய தலைப்பில் போய் உட்காரத் தொடங்கும்.

இனி ஏற்றலாம். அதற்கு முன் க்னூகேஷ் கோப்பின் நகலை எடுத்து வையுங்கள். ஏற்றியதை ஒரே சொடுக்கில் திரும்பப் பெறும் வசதி அதில் கிடையாது. கோப்பு மெனுவில் இறக்குமதிக்குப் போய் சிஎஸ்வியைத் தேர்ந்தெடுத்தால் முன்னோட்டம் வரும். தேதி முறையை நாள்-மாதம்-ஆண்டு என்று அமையுங்கள். எந்த நெடுவரிசை என்ன என்று மேலே குறியுங்கள். வரவு நெடுவரிசையைத் தொகை என்றும், பற்று நெடுவரிசையைக் குறி மாற்றிய தொகை என்றும் காட்ட வேண்டும். இருப்பு நெடுவரிசையை ஏற்ற வேண்டாம், அதை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அமைப்பை வங்கியின் பெயரில் சேமித்துவிட்டால் அடுத்த மாதம் மறுபடி செய்ய வேண்டியதில்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. உங்கள் கணக்கில் பணம் வந்தால் வங்கி அதை ‘கிரெடிட்’ என்கிறது. இரட்டைப் பதிவில் அதே பணம் உங்கள் ஏட்டில் பற்று. வங்கி தன் பக்கமிருந்து எழுதுகிறது, உங்களுக்கு அது கடன்பட்டிருக்கிறது. குழப்பமாக இருந்தால் முன்னோட்டத்தில் தெரிந்த ஒரு வரவைப் பாருங்கள். அது இருப்பைக் கூட்டினால் குறி சரி.

எந்தத் தலைப்பிலும் சேராத பதிவுகள் ‘இம்பேலன்ஸ்-ஐஎன்ஆர்’ என்ற கணக்கில் போய் விழும். அங்கே எதையும் தங்கவிடாதீர்கள். மாதம் முடியும்போது அது காலியாக இருக்க வேண்டும்.

இப்போது பணம் சார்ந்த இரண்டு பிழைகள். முதலாவது இரட்டை எண்ணிக்கை. நடப்புக் கணக்கிலிருந்து சேமிப்புக் கணக்குக்கு 50,000 ரூபாய் மாற்றுகிறீர்கள். ஒரு கோப்பில் அது பற்று, இன்னொன்றில் வரவு. இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றினால் ஐம்பதாயிரம் செலவும் ஐம்பதாயிரம் வருமானமும் புதிதாக முளைத்துவிடும். இருப்பு இரண்டு கணக்கிலும் சரியாகவே காட்டும் என்பதால் இறுதி இருப்புச் சோதனையிலும் இது சிக்காது. முதல் கோப்பை ஏற்றும்போதே எதிர்க்கணக்காகச் சேமிப்புக் கணக்கைக் காட்டுங்கள். இரண்டாவது கோப்பை ஏற்றும்போது, தொகையும் தேதியும் நெருங்கியிருப்பதை வைத்து மென்பொருளே ‘ஏற்கெனவே உள்ளதோடு பொருத்தவா?’ என்று காட்டும். ஒப்புக்கொள்ளுங்கள். கிரெடிட் கார்டு பில் கட்டுவதும் இப்படித்தான். செலவு கார்டைத் தேய்த்த அன்றே நடந்துவிட்டது, பில் கட்டுவது கடனை அடைப்பது மட்டுமே.

பொருத்தும் பட்டியலை வேகமாகத் தள்ளிவிடவும் கூடாது. ஒரே நாளில் ஒரே கடையில் இருபது ரூபாய் இருமுறை கொடுத்திருந்தால் இரண்டும் உண்மையான பதிவுகள். தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் ஒன்றாம் தேதி முதல் மாதக் கடைசி வரை மட்டும் கோப்பை இறக்கினால், இந்தச் சந்தேகங்களில் பெரும்பகுதி எழாது.

இரண்டாவது பிழை இன்னும் கனமானது. வாடிக்கையாளருக்கு 50,000 ரூபாய்க்கு பில் கொடுத்தீர்கள். அவர் தொழில்முறைக் கட்டணத்துக்கான டிடிஎஸ் 10 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு 45,000 அனுப்பினார். வங்கிக்குத் தெரிந்தது 45,000 மட்டும்தான். அதை அப்படியே வருமானமாக எழுதிவிட்டால் வருமானமும் குறையும், உங்கள் பேரில் அரசிடம் போய்ச் சேர்ந்த 5,000-மும் கணக்கில் காணாமல் போகும். அந்தப் பதிவைத் திறந்து பிரித்து எழுதுங்கள்: வருமானம் 50,000, வங்கி 45,000, வரவேண்டிய டிடிஎஸ் 5,000. வெளிநாட்டு வாடிக்கையாளரின் பணம் வரும்போது இடையில் கழியும் கட்டணத்துக்கும் இதையே செய்ய வேண்டும். எந்த மென்பொருளும் உங்களுக்காக இதைச் செய்யாது, ஏனென்றால் கோப்பில் அந்தத் தகவலே கிடையாது. பில் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏற்றுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எல்லாம் முடிந்ததும் ரீகன்சைல் சாளரத்தைத் திறந்து, மாதக் கடைசித் தேதியையும் வங்கி காட்டும் இறுதி இருப்பையும் கொடுங்கள். பாடப்புத்தகத்தில் வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்று படித்தது இதைத்தான். வித்தியாசம் சுழியாக வரவில்லையென்றால், அந்த வித்தியாசமே பிழையின் இடத்தைச் சொல்லும். 2,360 இடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் 2,360 என்ற தொகையைத் தேடுங்கள், அது விட்டுப்போயிருக்கும் அல்லது இருமுறை ஏறியிருக்கும். கிடைக்காவிட்டால் பாதியான 1,180-ஐத் தேடுங்கள், அது குறி மாறி ஏறியிருக்கும். கையால் எழுதிய பதிவுகளும் இருந்து, வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 5,400-ஐ 4,500 என்று எழுதினால் இடிப்பது 900. சரிசெய்ய முடியவில்லை என்று ‘இதர செலவு’ என ஒரு பதிவைப் போட்டு மூடுவது மட்டும் வேண்டாம். அடுத்த மாதமும் அந்தப் பிழை உள்ளேயே இருக்கும்.

வங்கி பிடிஎஃப் மட்டுமே தந்தால், இணையத்தில் கண்ட ‘பிடிஎஃப் டு எக்செல்’ தளத்தில் ஏற்றாதீர்கள். உங்கள் முகவரி, கணக்கு எண், யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பது முழுவதும் அதில் இருக்கிறது. டபுலா என்ற இலவச மென்பொருள் உங்கள் கணினியிலேயே ஓடி பிடிஎஃப் அட்டவணைகளைச் சிஎஸ்வியாக எடுத்துத் தரும். நெட்பேங்கிங் கடவுச்சொல்லைக் கேட்கும் எந்தச் செயலிக்கும் அதைக் கொடுக்கவே கூடாது. கடவுச்சொல் இல்லாமல், ஒப்புதலின் பேரில் கணக்கு விவரங்களைப் பகிர, 2021 செப்டம்பரில் அக்கவுன்ட் அக்ரிகேட்டர் முறை செயல்பாட்டுக்கு வந்திருக்கிறது. ஆனால் அதில் தரவைப் பெறக்கூடியவை ரிசர்வ் வங்கி, செபி போன்ற ஒழுங்குமுறை அமைப்புகளின் கீழ் வரும் நிறுவனங்களே. வீட்டுக் கணினியில் உள்ள க்னூகேஷுக்குக் கோப்புதான் வழி.

எங்கிருந்து தொடங்குவது என்று தயங்க வேண்டாம். நிதியாண்டின் ஏப்ரல் 1 அன்று இருந்த இருப்பைத் தொடக்க இருப்பாக எழுதி, பரிவர்த்தனை குறைவாக உள்ள ஒரு கணக்கை முதலில் ஏற்றுங்கள். அது நேரானதும் அடுத்த கணக்கு. மார்ச் வரை முடிந்ததும், ஆடிட்டருக்கு அனுப்பும் முன், வருமான வரித் தளத்தில் படிவம் 26ஏஎஸ், ஏஐஎஸ் எனும் ஆண்டுத் தகவல் அறிக்கை இரண்டையும் இறக்கி உங்கள் ஏட்டோடு வைத்துப் பாருங்கள். சேமிப்புக் கணக்கு வட்டி, டிடிஎஸ் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். நீங்கள் பில் கொடுத்த ஒருவர் பிடித்த டிடிஎஸ் அங்கே வரவில்லையென்றால் அவருடைய கணக்குப் பிரிவுக்கு அன்றே மின்னஞ்சல் போடுங்கள், அவர்கள் தங்கள் டிடிஎஸ் அறிக்கையைத் திருத்தித் தாக்கல் செய்ய நாள் பிடிக்கும். உங்களுக்குச் சம்பந்தமில்லாத தொகை ஏதேனும் ஏஐஎஸ்ஸில் தெரிந்தால், அந்த வரியிலேயே மறுப்பைப் பதிவுசெய்ய வசதி இருக்கிறது.