தடையும் தன்னடக்கமும்

ஆஸ்திரேலியாவில் 2012 இறுதிவரை, வீடியோ விளையாட்டுகளில் வயது வந்தோருக்கெனத் தனிப் பிரிவு இல்லை. 15 வயதினருக்கு உரிய எல்லையை மீறிய வன்முறை இருந்தால், பெரியவர்களும் அதனை வாங்க இயலாது. 2011-இல் 'மார்ட்டல் காம்பாட்' அவ்வாறே மறுக்கப்பட்டது. 2013 ஜனவரியில் 18 வயது நிரம்பியோருக்கான பிரிவு வந்தது. அவ்வாண்டிலேயே அவ்விளையாட்டும் அனுமதி பெற்றது.

இது முறையானதே. சிறுவரைக் காப்பது சட்டத்தின் கடமை. முதிர்ந்தவரையும் சிறுவராக நடத்த அதற்கு உரிமையில்லை. ஆயினும் சட்டம் விலகிய இடத்தில் விவேகம் காவல் நிற்க வேண்டும். விளையாடுபவர் வெறும் பார்வையாளர் அல்லர்; தாக்குபவரும் அவரே, அதில் மகிழ்பவரும் அவரே. விளையாட்டு முடிந்தபின் மனம் அமைதியுற்றதா, சினம் மிகுந்ததா, வீட்டாரிடம் சொல் கடுமையாயிற்றா என்று அவர் தம்மையே வினவட்டும். அவ்வினாவிற்கு எந்த அரசும் விடை கூற இயலாது.