அடி ஏன் விழவில்லை? ராக்னராக் கேமின் கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வீட்டில் முதலில் ஓடுவது பெரும்பாலும் கேம்தான். அதிலும் கணக்கு இருக்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை.

கொரியாவின் கிராவிட்டி நிறுவனம் 2002-ல் வெளியிட்ட 'ராக்னராக் ஆன்லைன்' கேமுக்கு, 2000-களின் நடுவில் இந்தியாவிலேயே தனி சர்வர் இருந்தது. இப்போது அது இல்லை. அத்திப்பட்டில் இருந்து மீஞ்சூருக்கு ரயில் ஏறிப் போய், பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குப் பணம் கட்டி என் அண்ணன் விளையாடினார். டிபன் காசெல்லாம் அதில்தான் போனது. லெவல் 60 வந்த பிறகு, "பாதி அடி படவே மாட்டேங்குது" என்று விட்டுவிட்டார். அண்மையில் அவருடைய பழைய நோட்டு கிடைத்தது. ஸ்ட்ரெங்த் 80, டெக்ஸ்டெரிட்டி 5, லக் 1 என்று எழுதியிருந்தது. காரணம் அங்கேயே இருக்கிறது.

அன்றைய விதி இது. ஸ்ட்ரெங்த்தை 10-ஆல் வகுத்து, மீதியை விட்டுவிட்டு, வரும் எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். அதோடு ஸ்ட்ரெங்த்தைக் கூட்டுங்கள். டெக்ஸ்டெரிட்டியில் ஐந்தில் ஒரு பங்கு, லக்கில் ஐந்தில் ஒரு பங்கு, இவற்றையும் மீதியை விட்டுச் சேருங்கள். அண்ணனுக்கு 80 + 64 + 1 = 145. (49-ல் இருந்து 50-க்குப் போனால் ஒரே புள்ளியில் 10 கூடும். பத்தின் மடங்கில் நிறுத்துவது அதனால்தான்.)

அடுத்து ஆயுதம். 100 வலிமையுள்ள குத்துவாள் நடுத்தர உருவ எதிரியிடம் 75 சதவீதம்தான் வேலை செய்யும். ஒவ்வோர் அடிக்கும் இது ஏறி இறங்கும், டெக்ஸ்டெரிட்டி குறைந்தால் இறக்கம் அதிகம். நாம் முழு 75 என்றே வைத்துக்கொள்வோம். மொத்தம் 220. எதிரியின் கவசம் 20 என்றால் 20 சதவீதம் போய் 176. அதன் உடல்வலு 16-ஐக் கழித்தால் 160. நல்ல அடிதான்.

ஆனால் பட வேண்டுமே! லெவலோடு டெக்ஸ்டெரிட்டியைக் கூட்டினால் குறி: 60 + 5 = 65. எதிரி விலகும் திறன் 105 என்று வையுங்கள். 80-உடன் 65-ஐக் கூட்டி 105-ஐக் கழித்தால் 40. நூறு வீச்சில் 40 தான் படும். மொத்தம் 6,400.

ஒரு புள்ளியின் விலையும் உயர உயர ஏறும். ஆரம்பத்தில் 2 கொடுத்தால் போதும், 70-க்கு மேல் 9. ஸ்ட்ரெங்த்தை 60-ல் இருந்து 80 ஆக்க அண்ணன் கொட்டியது 168. அதே 168-ல் டெக்ஸ்டெரிட்டி 5-ல் இருந்து 47 ஆகியிருக்கும். அப்போது 60 + 36 + 9 = 105. ஆயுதத்தோடு 180, கவசம் போக 144, கடைசியில் 128. ஓர் அடி சிறியதுதான், ஆனால் நூற்றில் 82 படும். மொத்தம் 10,496!

செலவழித்த புள்ளியை அன்று சாதாரணமாகத் திரும்பப் பெற முடியாது. 2010 வாக்கில் வந்த 'ரெனியூவல்' மாற்றத்திற்குப் பிறகு சூத்திரமே வேறு. ஆகவே எந்த கேம் ஆனாலும் முதலில் எக்செல்லில் போட்டுப் பாருங்கள். மீதியை விட்டு முழு எண்ணை மட்டும் எடுக்க 'இன்ட்' என்ற பங்ஷன் போதும். ஸ்ட்ரெங்த் ஒரு செல்லில், டெக்ஸ்டெரிட்டி அடுத்த செல்லில். எண்ணை மாற்றினால் விடை தானே மாறும்.

அண்ணனிடம் ஷீட்டைக் காட்டினேன். "இதை அப்பவே சொல்லியிருக்கக் கூடாதாடா?" என்றார். அப்போது எனக்கு ஏழு வயது.