திடநிலைச் சேமிப்பகமும் டிரிம் கட்டளையும்

கணினிகளில் வன்தட்டுகளின் இடத்தை எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலைச் சேமிப்பகங்கள் பெருமளவில் பிடித்துவிட்டன. இவற்றின் வேகமும் ஆயுளும் ஒரு சிறு தகவல் உரிய நேரத்தில் உரிய இடத்தைச் சேர்வதைப் பெரிதும் சார்ந்துள்ளன.

சேமிப்பகத்தின் இயல்பு

வன்தட்டில் பழைய தரவின் மீதே புதியதை எழுதலாம். திடநிலைச் சேமிப்பகத்தில் இது இயலாது. இதன் நினைவகம் பக்கங்களாகவும், பல பக்கங்கள் அடங்கிய தொகுதிகளாகவும் பிரிக்கப்பட்டுள்ளது. எழுதுவது பக்கம் பக்கமாக நடைபெறும்; துடைப்பதோ முழுத் தொகுதியாக மட்டுமே நடைபெறும். ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் தொகுதி சிறிது தேய்கிறது.

எட்டாத செய்தி

ஒரு கோப்பை நீக்கும்போது, அது இருந்த இடம் காலி என இயக்க முறைமை தன் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. சேமிப்பகத்திற்கு இது தெரியாது. 256 பக்கங்கள் கொண்ட தொகுதியில் 200 பக்கங்கள் நீக்கப்பட்ட கோப்புகளுக்கு உரியவை எனக் கொள்வோம். செய்தி எட்டாவிடில், அத்தொகுதியைத் துடைக்குமுன் 256 பக்கங்களையும் வேறிடத்தில் படியெடுக்க வேண்டும். எட்டினால் 56 பக்கங்கள் போதும். வீணான படியெடுப்பு வேகத்தைக் குறைத்துத் தேய்மானத்தைக் கூட்டுகிறது.

டிரிம்

இக்குறையை நீக்குவதே டிரிம் கட்டளை. எந்தெந்த முகவரிகள் இனித் தேவையில்லை என்பதை அது சேமிப்பகத்திற்கு அறிவிக்கிறது. செலவாகாத ஒதுக்கீட்டை நிதியாண்டு முடியுமுன் துறைகள் திரும்ப ஒப்படைத்தால்தான் அதனை வேறு பணிக்குப் பயன்படுத்த இயலும், இதுவும் அத்தகையதே. 2009-இல் வெளியான விண்டோஸ் 7 இவ்வசதியைக் கொண்டிருந்தது. லினக்ஸ் வகைகள் பலவற்றில் வாரம் ஒருமுறை காலியிடங்கள் அனைத்தும் மொத்தமாக அறிவிக்கப்படுகின்றன.

அலுவலர் கவனத்திற்கு

இதிலிருந்து இரு நடைமுறை முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, டிரிம் செயற்பட்டபின் தவறுதலாக நீக்கிய ஆவணத்தை மீட்பது பெரும்பாலும் இயலாது. ஆதலால் காப்புப் படி இன்றியமையாதது. இரண்டாவது, டிரிம் ஓர் அறிவிப்பேயன்றித் துடைப்பன்று. எப்போது துடைப்பது என்பதைச் சேமிப்பகமே முடிவு செய்கிறது. எனவே பழைய கணினிகளைக் கழிக்கும்போது கோப்புகளை நீக்கியதோடு அமையாது, சேமிப்பகம் முழுவதையும் துடைப்பதற்கென உள்ள தனிக் கட்டளையைப் பயன்படுத்துதல் வேண்டும். பொதுமக்கள் அரசிடம் ஒப்படைத்த விவரங்களின் பாதுகாப்பு இதில் அடங்கியுள்ளது.