ரிப்போர்ட் போட்டாச்சு, அப்புறம்?

போலீஸ் ரிப்போர்ட் போட்டதோடு நம் வேலை முடிஞ்சது என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் அடி வாங்கியவரும், சங்கிலியைப் பறிகொடுத்தவரும், பக்கத்தில் நின்று பார்த்தவரும் கோர்ட்டுக்கு வராவிட்டால் நடந்தது என்னவென்று நீதிபதிக்கு எப்படித் தெரியும்? இந்த மாதப் பாடம் அவர்களுக்காக.

ரிப்போர்ட்டை எந்தப் பாலாயிலும் போடலாம். ஈப்போவில் நடந்த வழிப்பறியைக் காம்பாரில் சொன்னாலும் எழுதிக்கொள்ள வேண்டும். நாட்டில் எங்கு நடந்த குற்றத்தையும் பதிவது போலீசின் கடமை என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-வது பிரிவு. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, புரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். மலாய் சரளமாக வராத பாட்டி தாத்தாவுக்குத் துணையாக நீங்கள் போங்கள். நகல் வாங்காமல் திரும்பாதீர்கள். காயம் இருந்தால் அரசாங்க மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போட வேண்டாம். டாக்டர் எழுதும் குறிப்பு பின்னால் கோர்ட்டில் பேசும்.

பிறகு ஐ.ஓ. எனப்படும் விசாரணை அதிகாரி உங்களைக் கூப்பிட்டு 112-வது பிரிவின் கீழ் வாக்குமூலம் எடுப்பார். நீங்கள் பேசிய மொழியிலேயே அதை வாசித்துக் காட்டி, திருத்த வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். பார்க்காத கத்தியைப் பார்த்ததாகச் சொன்னால் நீங்கள் பார்த்த மற்றதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

நான்கு வாரம் ஆகியும் தகவல் இல்லையா? வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்தால், 107ஏ பிரிவின்படி ரிப்போர்ட் போட்ட பாலாயின் பொறுப்பதிகாரியிடம் விசாரணை நிலவரம் கேட்கலாம். இரண்டு வாரத்துக்குள் அவர் பதில் தரவேண்டும். விசாரணையைப் பாதிக்கும் விவரங்களை மட்டும் சொல்ல மாட்டார். பதிலே வராவிட்டால் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குத் தெரிவிக்கலாம். எழுத்தில் கேளுங்கள், ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். இந்த உரிமையை நம் ஆட்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை என்பது என் எண்ணம்.

"கேஸை வாபஸ் வாங்கிடுப்பா, நமக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்" என்று பெரியவர்கள் வருவார்கள். சிறு அடிதடி போன்ற சில குற்றங்களில் சமாதானத்துக்குச் சட்டமே இடம் தருகிறது. மற்றவற்றில் கேஸ் உங்கள் கையில் இல்லை. அரசியலமைப்பின் 145-வது விதிப்படி வழக்குத் தொடுப்பதும் நிறுத்துவதும் சட்டத்துறைத் தலைவரின் அதிகாரம். அவர் சார்பில் துணை அரசு வழக்கறிஞர் வாதாடுவார். நீங்கள் காசு கொடுத்து வக்கீல் வைக்கத் தேவையில்லை. சமாதானம் பேச வருபவர் மிரட்டினால் அது தனிக் குற்றம். அதற்கும் ஒரு ரிப்போர்ட் போடுங்கள். ஆபத்து பெரிதென்றால், 2009-ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

இனி முக்கியமான விஷயம். வழக்கு இழுக்கும். 2017 ஜூனில் பினாங்கில் 18 வயது நவீன் இறந்த வழக்கில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2023 அக்டோபரில். ஆறு ஆண்டில் நம் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்? இங்கே யூத்தாரில் படித்தவர் கோலாலம்பூரில் இருப்பார். தாமான் பையன் சிங்கப்பூரில் வேலை செய்வான். போன் நம்பரும் மாறியிருக்கும். சம்மன் பழைய வீட்டுக்குப் போய்த் திரும்பிவரும். சாட்சி கிடைக்காமல் போனால் வழக்கு அப்படியே நின்றுவிடலாம், குற்றம் சாட்டப்பட்டவர் விடுவிக்கப்படவும் கூடும். அதனால் வீடோ நம்பரோ மாறினால் அன்றே ஐ.ஓ.வுக்குச் சொல்லுங்கள். சம்மன் கைக்கு வந்தும் போகாவிட்டால் உங்கள் மீதே வாரண்ட் வரலாம். அதை முதலாளியிடம் காட்டி லீவு கேளுங்கள்.

சிறிய வழக்குகள் காம்பார் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே நடக்கும். கொலை வழக்கென்றால் ஈப்போ உயர் நீதிமன்றம். உங்கள் முறை வரும்வரை வெளியே காத்திருக்க வேண்டும். முதலில் அரசுத் தரப்பு கேட்கும், அடுத்து எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணை, பிறகு மறுவிசாரணை. குறுக்கு விசாரணையில் கேள்விகள் குத்தும். கோபப்படாமல், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தமிழில் பேசுவதானால் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை என்றால், 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி திரைக்குப் பின்னாலிருந்தோ நேரடிக் காணொளி வழியாகவோ சாட்சி சொல்லலாம்.

குற்றம் நிரூபணமானால் தண்டனைக்கு முன் நீங்களும் பேசலாம். 183ஏ பிரிவின்படி பாதிக்கப்பட்டவரோ குடும்பத்தாரோ கேட்டுக்கொண்டால், அந்தக் குற்றம் தங்கள் வாழ்க்கையை என்ன செய்தது என்று நீதிபதியிடம் சொல்லலாம். போன வேலை, தூங்காத இரவு, மருத்துவச் செலவு எல்லாவற்றையும் சொல்லலாம். 426-வது பிரிவின் கீழ் இழப்பீடும் உண்டு, ஆனால் விண்ணப்பிக்க வேண்டியவர் அரசு வழக்கறிஞர். ரசீதுகளைப் பத்திரப்படுத்தி, தீர்ப்பு நாளுக்கு முன்பே அவரிடம் கொடுத்துவிடுங்கள்.