கடைசி வண்டி பிடிக்க வேண்டியவனின் சென்னை

அன்புள்ள தம்பிக்கு,

உன் திரைக்கதை வந்து சேர்ந்தது. ஒரே மூச்சில் படித்தேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து வந்து எழுதியதாகச் சொல்லியிருக்கிறாய். பக்கங்களில் அந்த அசதி இல்லை. வசனம் உனக்கு இயல்பாக வருகிறது. ஆனால் முதல் பக்கத்திலேயே, 'இந்தப் படத்தில் சென்னையும் ஒரு கதாபாத்திரம்' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறாயே, அதை முதலில் அடித்துவிடு. ஆடியோ வெளியீட்டு மேடைகளில் சொல்லிச் சொல்லிச் சாயம் போன வசனம் அது. அதற்குக் கீழே இருப்பதுதான் உன் உண்மையான ஆசை: படம் பார்த்தவன் தியேட்டரை விட்டு வெளியே வந்ததும் சென்னைக்கு டிக்கெட் போட வேண்டும். நல்ல ஆசைதான். அதற்கு நீ பிடித்திருக்கும் வழிதான் சரியில்லை. மெரினாவுக்கு மேலே ஒரு ட்ரோன், சென்ட்ரலுக்கு மேலே ஒரு ட்ரோன், கத்திப்பாரா பாலத்துக்கு மேலே இன்னொன்று. அந்த உயரத்திலிருந்து காட்டினால் எந்த ஊருக்கும் போகத் தோன்றாது. மனை விற்கிறவன் விளம்பரம் பார்த்த மாதிரி இருக்கும்.

கட்டடத்தைக் காட்டியே ஆசை மூட்டிய காலம் ஒன்று இருந்தது. ஊரை விட்டுக் கிளம்பும் நாயகன் சென்ட்ரலில் இறங்குவான். மணிக்கூண்டு தெரியும். அடுத்த ஷாட்டில் எல்.ஐ.சி. கட்டடம், அதற்கடுத்து மெரினா. தெற்கத்திச் சீமைக்காரன் எழும்பூரில் அல்லவா இறங்க வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. சிவப்புச் சுவரும் கூண்டும் சென்ட்ரலில்தான் எடுப்பாக விழுந்தன. 1959இல் திறந்த எல்.ஐ.சி.யின் பதினாலு மாடியை நேரில் பார்க்காத கோடிப் பேருக்கு சினிமாதான் அண்ணாந்து பார்க்கக் கற்றுக்கொடுத்தது. பாலசந்தரின் 'அனுபவி ராஜா அனுபவி'யில் (1967) நாகேஷ் மெட்ராஸைக் கிண்டலடித்துத்தான் பாடுவார். அந்தக் கிண்டலைக் கேட்டும் ஊர் பார்க்கக் கிளம்பியவர்கள் உண்டு. உன் வீட்டுப் பக்கத்திலேயே கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்குள்ள பெரியவர்களிடம் போய்க் கேள். யாழ்ப்பாணத்தில் வெலிங்டன், மனோகரா தியேட்டர்களில் படம் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. கடலைத் தாண்டி வருவதற்கு முன்பே மெட்ராஸ் எப்படி இருக்கும் என்று ஒரு கணக்கு அவர்கள் மனசில் இருந்திருக்கும். அந்தக் கணக்கும் கண்ணெதிரே கண்ட ஊரும் எங்கே பிசகின என்று அவர்கள் வாயால் கேட்டாலே உனக்கு இன்னொரு படம் கிடைக்கும்.

இன்று எல்.ஐ.சி.யைப் பார்க்க யாருக்கும் சினிமா வேண்டாம். கைபேசியிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் சில படங்கள் இப்போதும் நம்மை ஒரு ஊருக்கு இழுக்கின்றனவே, எதனால்?

'96' (2018) படத்தை மறுபடி ஒருமுறை பார். அதில் சென்னையின் பெருமைக்குரிய இடம் என்று ஒன்றும் பெரிதாகக் கிடையாது. ஆள் ஒழிந்த சாலை, மழை, ஒரு காபிக் கடை, நாயகன் ராமின் வீடு, அவ்வளவுதான். ஆனால் நாயகி ஜானு சிங்கப்பூரிலிருந்து வந்தவள். விடிந்தால் அவளுக்கு விமானம். அது நமக்கு முன்கூட்டியே தெரியும். அதனால் அவர்கள் நடக்கும் ஒவ்வொரு தெருவையும் நாமும் கடைசித் தடவையாகப் பார்க்கிறோம். சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கும் அந்தப் படம் பார்த்த இரவில் வண்டியை எடுத்துக்கொண்டு சும்மா ஒரு சுற்று போய்வரத் தோன்றியது. இயக்குநர் பிரேம்குமார் அந்த இரவுக்கு வைத்த கெடுதான் அதற்குக் காரணம்.

வெளிநாட்டுப் படங்களிலும் இதே சங்கதிதான். வில்லியம் வைலரின் 'ரோமன் ஹாலிடே' (1953) ரோம் நகரிலேயே எடுத்த படம். இளவரசிக்கு அங்கே கிடைப்பது ஒரே ஒரு நாள். அதில் கிரிகரி பெக் கையை விட்டு ஆட்ரி ஹெப்பர்னை அலறவைத்த கல்முகத்தின் வாயில் கையை விட்டுப் படம் எடுத்துக்கொள்ள இன்றைக்கும் வரிசை நிற்கிறது. அந்தக் கல் அங்கே நூற்றாண்டுகளாக இருந்ததுதான். 1995இல் வந்த 'பிஃபோர் சன்ரைஸ்' படத்தில் வியன்னாவில் ஒரு ராத்திரி; அந்தப் பையனுக்கும் காலையில் விமானம். அதன் முடிவைக் கவனி. இருவரும் பிரிந்த பிறகு, ராத்திரி அவர்கள் உட்கார்ந்த இடங்களை எல்லாம் காலை வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார் இயக்குநர் லிங்க்லேட்டர். ஆளே இல்லை, வெறும் இடம். வியன்னாவுக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் பார்ப்பவனுக்கு வருவது அங்கேதான். முந்தைய ஒன்றரை மணி நேரத்தில் அவன் அந்த இருவரை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

'மதராசபட்டினம்' (2010) இன்னும் ஒரு படி மேலே போகும். இயக்குநர் விஜய் அதில் காட்டுகிற 1947 மெட்ராஸுக்கு ரயிலே கிடையாது. யாரும் போக முடியாது. அதில் வரும் கூவம் ஆற்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், கூவம் என்ற பெயரிலேயே ஒரு கிராமம் நம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது என்று? ஆறு அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. சம்பந்தர் பாடிய திருவிற்கோலம் அந்த ஊர்தான். பட்டணத்துச் சாக்கடை கலக்காத கூவத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கே போகலாம். யாரும் போவதில்லை. அதற்கு ஒரு படம் வரவில்லை.

இப்போது உன் விஷயம். சென்னையை எடுக்க உனக்கு என்ன தகுதி என்று தயங்கி எழுதியிருக்கிறாய். கும்மிடிப்பூண்டிக்காரனுக்கு இருக்கும் தகுதி மயிலாப்பூர்க்காரனுக்குக் கிடையாது. நீ பட்டணத்தில் எப்போதும் கடைசி வண்டியை நினைத்துக்கொண்டே திரிகிறவன். பீச்சில் உட்கார்ந்தாலும் ஒரு கண் மணியில் இருக்கும். ஜானுவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒருநாள் வாய்த்த கெடு உனக்கு விடுமுறைக்கு விடுமுறை வாய்க்கிறது. இந்தப் பெரிய சொத்தை வைத்துக்கொண்டு நீ ட்ரோன் வாடகைக்கு விசாரிக்கிறாய்!

அதோடு, நீ இறங்குவது சினிமா காட்டும் சென்ட்ரலிலும் இல்லை. பக்கத்தில் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸில். 1985இல் தீயில் போன பழைய மூர் மார்க்கெட் இருந்த இடம் அது. மணிக்கூண்டு வாசல் வழியாக வரும் நாயகனும் நீயும் ஒரே சாலைக்குத்தான் வந்து சேர்கிறீர்கள். வாசல் மட்டும் வேறு. அந்த வாசலை யாராவது படமாக எடுத்திருக்கிறார்களா? நான் பார்த்த மட்டும் ஒன்றிரண்டு ஷாட்டுக்கு மேல் இல்லை.

ரயில் பாதையையும் நீ வீணடித்திருக்கிறாய். 'நாயகன் ரயிலில் சென்னை வருகிறான்' என்று ஒரே வரி. கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர், அத்திப்பட்டு என்று வந்து, கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தில் சத்தம் மாறும். அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் ஜன்னலில் நெடுநேரம் கூடவே வரும். எண்ணூர் வந்துவிட்டதை மூக்கே சொல்லிவிடும். பிறகு திருவொற்றியூர், தண்டையார்பேட்டை. கடைசியில் பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்கு நிற்கும் அந்த நிற்பு இருக்கிறதே, பட்டணம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, வண்டி நகராது. அவசரக்காரர்கள் கதவருகே வந்து எட்டிப் பார்ப்பார்கள். உன் முதல் காட்சி அதுதான். ஏக்கத்தைக் காட்ட அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இந்தப் பாதையில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை விட்டுவிடாதே. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கிருந்தோ வந்து உருக்காலைகளிலும் ரோலிங் மில்களிலும் வேலை பார்க்கிற பையன்கள், தலையைப் படிய வாரி, இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள் பார்த்திருக்கிறாயா? மெரினாவில் நின்று ஊருக்கு வீடியோ கால் போடுவார்கள். அவர்கள் மனசில் இருக்கும் சென்னை எந்தப் படத்திலிருந்து வந்தது? 2013இல் வந்த ஷாருக்கானின் 'சென்னை எக்ஸ்பிரஸ்' படத்தைச் சொன்னால் சிரிப்பு வரும். பெயரில்தான் சென்னை, கதை ஏதோ கற்பனைக் கிராமத்துக்குப் போய்விடும். அந்தப் பையன்களுக்கும் மாலை திரும்பும் வண்டி உண்டு. உன் நாயகனுக்கு எதிர் சீட்டில் அவர்களில் ஒருவனை உட்கார வை. ஒருவருக்கொருவர் பாஷை புரியாவிட்டால் இன்னும் நல்லது.

முன்னோடி வேண்டுமா? வெகுதூரம் போக வேண்டாம். ஆவடியை ஒட்டிய கரலப்பாக்கத்துக்காரர் பா. ரஞ்சித். அவருடைய 'அட்டகத்தி' (2012) பட்டணத்தின் விளிம்பிலேயே நடக்கும். பஸ் படிக்கட்டும் கானாவும் ஒருதலைக் காதலுமாக, ஊருக்கும் நகரத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த இரண்டுங்கெட்டான் நிலம் அதில் முதல்முறையாகக் கூச்சமில்லாமல் வந்தது. 'மெட்ராஸ்' (2014) அதற்கப்புறம்தான். வெளியே நின்று பார்த்துப் பழகிய கண் உள்ளே போனபோது ஒரு சுவரைக்கூட விடாமல் பார்த்தது.

பழவேற்காட்டைப் பற்றி நீ சேர்த்திருக்கும் பாடல் காட்சி வேண்டாம். படகு, பூநாரை, அந்தி வானம் எல்லாம் எல்லோரும் எடுத்தாயிற்று.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஏக்கத்தை மூட்டுவது சின்ன வேலையல்ல. கொடைக்கானலில் வெள்ளைக்காரர்கள் 'டெவில்ஸ் கிச்சன்' என்று அழைத்த குகை, 1991இல் வந்த ஒரு படத்தால் குணா குகை ஆகிப்போனது. 2006இல் கேரளத்து இளைஞர் ஒருவர் அங்கே குழியில் விழ, நண்பர்கள் மீட்டார்கள். அதை வைத்து 2024 பிப்ரவரியில் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தது. கூட்டம் குவிந்தது. தடுப்பைத் தாண்டி உள்ளே போய் வனத்துறையிடம் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. இத்தனைக்கும் படத்தில் நாம் பார்த்த குகையின் உட்புறம் பெரும்பாவூரில் ஒரு கிடங்குக்குள் போட்ட செட். ஆபத்தைச் சொன்ன படமே ஆபத்துக்கு ஆள் கூட்டியது. இதில் இயக்குநரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் நீ பேசின் பிரிட்ஜ் காட்சியில் நாயகனைத் தண்டவாளத்தில் இறங்கி ஓடவிட்டுவிடாதே. உன் படம் ஓடினால், அங்கே இறங்கி ரீல்ஸ் எடுக்க நாளைக்கே நாலு பேர் வருவார்கள். அவன் கதவருகிலேயே நிற்கட்டும்.

ரயிலில் அனுமதி இல்லாமல் கேமராவை எடுக்காதே. தெற்கு ரயில்வேயில் எழுதிக் கேட்டு, கட்டணம் கட்டி எடு. பணம் போதாவிட்டால் ரயில் காட்சியைக் குறை, திருட்டுத்தனமாக எடுக்காதே. சத்தத்தை மட்டும் இப்போதே கவனித்து எழுதிவை: பாலம், சுண்டல்காரர், ஹாரன், கண் தெரியாதவர் பாடிக்கொண்டு வரும் பாட்டு.

ட்ரோன் காட்சிகள் மூன்றையும் எடுத்துவிட்டு, நாயகன் பிடிக்க வேண்டிய கடைசி கும்மிடிப்பூண்டி வண்டியின் நேரத்தை முதல் பக்கத்திலேயே போட்டு, அடுத்த பிரதியை அனுப்பு. கால அட்டவணை அடிக்கடி மாறுகிறது. ஸ்டேஷனில் ஒருமுறை கேட்டுக்கொண்டு எழுது.

அன்புடன்,
அண்ணன்