இரும்பை மேட்டில் ஒரு நாள்: போகும் வரிசையும் அமரும் முறையும்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் பேருந்தில் ஏறி, திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் இறங்கினால் இரும்பை பக்கம்தான். ஆனால் அங்கே இறங்கும் வெளியூர்க்காரர்களில் பெரும்பாலோர் இரும்பைக்குப் போவதில்லை. ஆரோவில்லின் தங்க உருண்டையைப் பார்க்க நேராக ஆட்டோ பிடிக்கிறார்கள். கொஞ்ச நேரம் நின்று படம் எடுக்கிறார்கள், கடைகளைச் சுற்றுகிறார்கள், திரும்புகிறார்கள். "அமைதியான இடம்னு சொன்னாங்களே, இவ்வளவு கூட்டமா இருக்கே" என்ற புலம்பல் பேருந்தில் கேட்கும். குறை இடத்தில் இல்லை, போகும் வரிசையில் இருக்கிறது. கோயில், ஏரி, காடு, கடைசியாக அந்தத் தங்க உருண்டையான மாத்ரிமந்திர் என்று மெல்ல மேடேறுபவருக்கு அதே இடம் வேறு மாதிரி கிடைக்கும்.

மேடு என்றுதான் சொல்ல வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 50 மீட்டர் உயரமுள்ள செம்மண் மேட்டை மலை என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மலை உச்சியில்தான் உட்காருவேன் என்பவர்களுக்குச் செஞ்சிப் பக்கம் ஓர் இடம் இருக்கிறது. அதைப் பிறகு பார்க்கலாம்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை முடிந்துவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வரும் மார்கழி, தை, மாசி மாதங்கள் நல்லவை. ஏரியில் தண்ணீர் இருக்கும், வெயில் பொறுக்கும். சித்திரை வெயிலில் செம்மண் தரை கொதிக்கும்போது எந்தத் தியானமும் நடக்காது. வார இறுதி, பள்ளி விடுமுறை, பிரதோஷ மாலை இவற்றைத் தவிர்க்க வேண்டும். ஆரோவில் பிறந்த நாளான பிப்ரவரி 28, அரவிந்தர் பிறந்த நாளான ஆகஸ்ட் 15 ஆகியவையும் அன்பர்கள் கூடும் நாள்கள், தனிமை தேடுபவருக்கானவை அல்ல. வார நாளில், விடிந்த கையோடு இரும்பையில் இருப்பது உத்தமம்.

முதலில் மாகாளேசுவரர் கோயில். இரும்பை மாகாளம் தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் 32-இல் ஒன்று, சம்பந்தர் பாடியது. அம்பாள் குயில்மொழியம்மை. தரிசனம் முடிந்ததும் கிளம்பிவிடாமல் பிராகாரத்தில் உட்கார வேண்டும். உட்காருமுன் ஊர்க்கதையைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அது தவம் கலைந்த கதை.

கடுவெளிச் சித்தர் இங்கே அரசமரத்தடியில் தவம் இருந்தாராம். நாட்டில் மழை பொய்த்தது. சித்தரின் தவ வெப்பமே காரணம் என்று நினைத்த மன்னன், தவத்தைக் கலைக்க ஆள் தேடினான். கோயிலில் ஆடும் பெண்ணொருத்தி முன்வந்தாள். சித்தர் கையை நீட்டி, விழும் இலையை வாங்கி உண்பதைக் கவனித்தாள். இலைக்குப் பதில் அப்பளத்தை வைத்தாள். நாக்கில் உப்புப் பட்டது, தவம் போயிற்று. பிறகு திருவிழாவில் அவள் ஆடும்போது கழன்ற சிலம்பைச் சித்தர் எடுத்துப் பூட்ட, ஊர் சிரித்தது. அவர் சினந்து பாட, லிங்கம் மூன்றாகப் பிளந்தது. செப்புத் தகட்டால் அதைச் சேர்த்துக் கட்டினார்கள் என்றும், சில்லுகள் தெறித்த நிலம் புல் முளைக்காமல் போகும் என்று அவர் சபித்தார் என்றும், மன்னன் கெஞ்சிய பின், தொலைதேசத்திலிருந்து வருபவர்கள் இதைப் பச்சையாக்குவார்கள் என்று இறங்கி வந்தார் என்றும் தலக்கதை சொல்கிறது.

இன்றைக்கு அந்த அப்பளத்தின் வேலையைக் கைபேசி செய்கிறது. சத்தத்தை மட்டும் நிறுத்தினால் போதாது, முழுவதுமாக அணைத்துப் பைக்குள் போட வேண்டும். சன்னிதிக்கு நேர் எதிரே, வருபவர் போவோருக்கு இடையூறாக அமராமல், சுவரோரமாக ஓரிடம் பிடிக்கலாம். முதுகு நிமிர்ந்திருந்தால் போதும், பத்மாசனம் கட்டாயமில்லை. முழங்கால் வலிப்பவர்கள் திண்ணையில் காலைத் தொங்கவிட்டே உட்காரலாம். கண்ணை மூடியதும் மனதை அடக்க முயல்வதுதான் எல்லோரும் செய்வது, எல்லோரும் தோற்பதும் அதிலேயே. அதற்குப் பதில் ஒலிகளைப் பின்தொடரலாம்: மிக அருகில் கேட்பது, அதற்கு அப்பால் கேட்பது, அதற்கும் அப்பால். பூசை மணி அடித்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். இருபது நிமிடம் போதும்.

அங்கிருந்து ஏரிக்கரை. இங்கே அமர வேண்டாம், நடக்க வேண்டும். பேச்சில்லாமல், வழக்கமான நடையில் பாதி வேகத்தில். துணைக்கு வந்தவரோடு முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொள்வது நல்லது, இல்லாவிட்டால் "அந்தப் பறவை என்ன?" என்று பேச்சு ஆரம்பித்துவிடும். பெயர் தேடாமல் பறவையைப் பார்ப்பது முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும். ஜப்பானில் 1982-இல் வனத்துறையே காட்டுக்குள் மெல்ல உலவுவதை ஓர் உடல்நலப் பழக்கமாக ஊக்குவிக்கத் தொடங்கியது. நம் ஊரில் அதற்கு ஏரிக்கரை போதும். கரையில் புல் மண்டிய இடத்தில் கால் வைக்கக் கூடாது. பாம்பு பயம் வீண் பயமல்ல, காலை மூடும் செருப்பு வேண்டும்.

வெயில் ஏறுவதற்குள் கிழக்கே, கோட்டக்கரை, இடையஞ்சாவடிப் பக்கமாக மேட்டில் ஏறலாம். நடக்க முடியாதவர்களுக்குச் சைக்கிள் நல்லது. மோட்டார் சைக்கிள் இந்த நாளைக் கெடுத்துவிடும். இந்தப் பகுதியில்தான் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை.

1968 பிப்ரவரி 28 அன்று, 124 நாடுகளிலிருந்து வந்த மண்ணைத் தாமரை மொட்டு வடிவப் பளிங்குத் தாழியில் இட்டு ஆரோவில் தொடங்கியபோது இங்கே காடில்லை. மழை அரித்த ஓடைப் பள்ளங்களும் வெந்த செம்மண்ணும் ஆங்காங்கே பனையும்தான். மழைக்காலத்தில் மேல்மண் கடலுக்கு ஓடியது. வந்தவர்கள் முதலில் செய்தது மரம் நடுவதைவிட முக்கியமான வேலை: சுற்றுக் கிராமத்துக்காரர்களோடு சேர்ந்து வரப்பு போட்டார்கள், பள்ளங்களின் குறுக்கே தடுப்பணை கட்டினார்கள், தண்ணீரை நிற்க வைத்தார்கள். பிறகு வேகமாக வளரும் ஆஸ்திரேலிய அகேசியாவை நட்டு நிழலுண்டாக்கினார்கள். அதன் அடியில் இந்தக் கடலோரத்துக்கே உரிய உலர் பசுமைக்காட்டு மரங்களான வீரை, காயா, பாலை, களா போன்றவை மெல்ல எழுந்தன. 2011 டிசம்பர் 30 அன்று அடித்த தானே புயலில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன; விழுந்த இடங்களில் மறுபடி நட்டார்கள். பிச்சாண்டிக்குளம் போன்ற காடுகள் இப்படி வந்தவை. சித்தரின் வாக்கு பலித்தது என்று இரும்பைக்காரர்கள் சொல்வதை நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். மண்வெட்டி பிடித்த கைகளை மட்டும் மறக்கக் கூடாது.

ஆகவே இங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான். பாதையோரம் ஒரு வரப்பைக் கண்டால் நின்று, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்து எங்கே நிற்கும் என்று பார்க்க வேண்டும். பின் ஒரே மரத்தடியில், எதையும் படிக்காமல், அரை மணி நேரம். கொசுவுக்கு நீளக்கைச் சட்டை, கூடவே ஒரு பாட்டில் தண்ணீர். பல காடுகள் மக்கள் குடியிருந்து பராமரிக்கும் இடங்கள். கேட்காமல் உள்ளே போகக் கூடாது.

மதியத்துக்குப் பின் மாத்ரிமந்திர். பார்வையாளர் மையத்தில் இலவச அனுமதிச்சீட்டு பெற்று, சுமார் ஒரு கிலோமீட்டர் மரநிழல் பாதையில் நடந்தால் பார்வை மேடை வரும். உள்ளே அமர விரும்புபவர்கள் முன்பதிவு செய்ய வேண்டும். நாளும் நேரமும் மாறுவதால் புறப்படுமுன் ஆரோவில்லிலேயே உறுதிசெய்துகொள்வது அவசியம். வெள்ளைப் பளிங்கு அறை, 12 தூண்கள், நடுவே சுமார் 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள படிகக் கோளம், அதன்மேல் கூரையிலிருந்து இறங்கும் சூரியக் கதிர். சிலை இல்லை, பூ இல்லை, ஊதுவத்தி இல்லை, மந்திரம் இல்லை. அங்கே இருமலை அடக்குவதுதான் பலருக்குப் பெரிய தவம். இடம் கிடைக்காவிட்டால் வருந்த வேண்டியதில்லை. காலையிலிருந்து முறையாக வந்தவருக்கு அந்த அறை கூடுதல் வரவு, அவ்வளவுதான்.

மலைதான் வேண்டும் என்பவர்கள் மறுநாளை ஒதுக்க வேண்டும். திண்டிவனம் அருகே மயிலம் முருகன் குன்று இருக்கிறது. ஆனால் கிருத்திகையும் பங்குனி உத்திரமும் கூட்டத்துக்கான நாள்கள். மற்ற நாள்களில் போகலாம். செஞ்சிக்கு வடக்கே சிங்கவரம் அருகிலுள்ள திருநாதர்குன்று இன்னும் தனிமையானது. உச்சிப் பாறையில் 24 தீர்த்தங்கரர்கள் இரு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். பக்கத்துப் பாறையில், சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்துறந்த செய்தி பழைய வட்டெழுத்தில் இருக்கிறது. சூரியன் எழுமுன் ஏறி, பாறை சுடுவதற்குள் இறங்கிவிட வேண்டும். தண்ணீரைக் கீழிருந்தே கொண்டுபோக வேண்டும். மேலே போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்த எழுத்தின் மேல் சாக்கட்டி தேய்த்தோ மாவு பூசியோ படிக்க முயலாதீர்கள், பக்கத்தில் உங்கள் பெயரையும் எழுதாதீர்கள். குப்பையைப் பையிலேயே போட்டுக் கீழே கொண்டுவாருங்கள்.