டிரேசிங் தாளும் கோவிவன் என்ற நாயும்

அன்பு மருமகளுக்கு,

பரணில் கிடைத்த பாட்டியின் படப் புத்தகத்தில் படத்துக்குப் படம் நடுவே மெல்லிய தாள் வைத்துத் தைத்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். டிரேஸ் எடுப்பது காப்பியடிப்பதுதானே என்றும் கேட்டிருந்தாய்.

தாராளமாக எடு. அச்சிட்ட கோட்டின் மேல் கையை ஓட்டிப் பழக்குவது பழைய யோசனைதான். சிவப்பு மையில் எழுத்துகளை அச்சடித்துக் கொடுத்தால் அதன்மேல் பிள்ளை கறுப்பு மையால் எழுதிப் பழகட்டும் என்று ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் 1693-லேயே சொல்லியிருக்கிறார்.

டிரேசிங் தாள் வழியே மட்டும் அடியில் இருப்பது எப்படித் தெரிகிறது? சாதாரணத் தாளில் நார்களுக்கு நடுவே காற்று இருக்கிறது. ஒளி அங்கங்கே சிதறுவதால் அடியில் இருப்பது தெரிவதில்லை. டிரேசிங் தாளுக்குக் கூழை வெகுநேரம் அரைத்து அந்த இடைவெளியை இல்லாமல் செய்கிறார்கள். நாங்கள் வெள்ளைத் தாளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வோம். எண்ணெய் இடைவெளியை அடைத்துவிடும். (அதைப் பாட்டி புத்தகத்தின் மேல் வைத்துவிடாதே, கறை போகாது.)

கை எதையும் தேர்ந்தெடுக்காத படியெடுப்பும் ஒன்று உண்டு. உங்கள் ஊருக்குப் பக்கத்துச் செங்கம் வட்டார நடுகற்களைத் தொல்லியல் துறை 1972-இல் ஒரு நூலாகவே வெளியிட்டது. எடுத்தனூர் நடுகல்லில் வீரனோடு ஒரு நாயும் நிற்கிறது. பெயர் கோவிவன். இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்றதாம். இதை மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட எழுத்துகளை மைப்படி எடுப்பார்கள். கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டினால் தாள் எழுத்துப் பள்ளத்தில் இறங்கும். மேலே மை ஒற்றினால் மேடு கறுப்பு, எழுத்து வெள்ளை. எடுப்பவர் கை அதில் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை, ஆராய்ச்சிக்காரர்களுக்கு அதுதான் வேண்டும்.

டிரேஸ் எடுப்பது அதற்கு நேர்மாறு. எந்தக் கோட்டை எடுப்பது, எதை விடுவது என்று நீ முடிவு செய்துகொண்டே போக வேண்டும். உதாரணமாக, ஒரு மயிலின் கழுத்து முதுகாக மாறும் இடத்தைக் கண் தாண்டிப் போய்விடும். பென்சில் தாண்ட முடியாது. நீ கற்றுக்கொள்வது அங்கேதான்.

ஆகவே முதலில் படத்தைப் பார்த்துத் தனித்தாளில் அதே அளவில் நீயாக வரை. பிறகு டிரேஸ் எடுத்து, அதை உன் படத்தின்மேல் போட்டுப் பார். கால் எவ்வளவு குட்டை, தலை எவ்வளவு பெரிது என்று தெரிந்துவிடும். (முதலில் பலருக்கும் தலை பெரிதாகத்தான் வரும்.) மூன்றாவது முறை எதையும் பார்க்காமல் வரை.

புத்தகம் முடிந்ததும் உங்கள் ஊர்க் கோயிலின் கிழக்கு ராஜகோபுர வாசலுக்குப் போ. நடனக் கரணச் சிற்பங்கள் இருக்கின்றன. கல்லில் மையோ சுண்ணாம்போ படக்கூடாது. அப்பாவின் போனில் நேர் எதிரே நின்று படமெடு, சாய்த்து எடுத்தால் உருவம் குறுகிவிடும். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு அதன்மேல் டிரேஸ் எடு. மேல் விளிம்பில் மட்டும் கிளிப் மாட்டினால் அடிக்கடி தூக்கிப் பார்க்கலாம். தேய்ந்துபோன விரல்களை நீயாக நிரப்பாதே, அந்த இடத்தில் புள்ளிக்கோடு போட்டுவிடு.

அன்புடன்,
மாமா